பித்தப்பை உடையாமல்

முறுக்கு கொஞ்சம் கடினமாகத்தான் இருக்கும், இந்தத் தடவை உளுந்து சரியாக அமையவில்லை. ஆனாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறீர்கள். பிள்ளைக்கு அத்தை என்றால் சும்மாவா, எல்லாவற்றையும் நீங்கள்தானே பார்க்க வேண்டியிருக்கிறது. பிள்ளை கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனியில் சூபர்வைசர் என்று பூமாவின் மாமா தேசிகன் சொன்னார். நல்ல இடம். பூமாவுக்கு இதுவும் தட்டிப்போனால் இனிமேல் வரன் பார்ப்பதில்லை என்றும் அவரே சொன்னார். அதனால்தான் உங்களிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று நினைக்கிறேன். திருவள்ளூரில் இந்தத் தெருவில் சம்பந்தம் விசாரிக்க யார் வந்தாலும் கடைசியில் கோதைநாயகி வீட்டுக்குத்தான் வருவார்கள். எனக்குத் தெரியாதது இங்கே குறைவு.

பெண் தங்கம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தெருவில் வேறு மாதிரியும் பேசுவார்கள். பெற்ற அப்பாவுக்கே மீனைப் போட்டுக் கொன்றவள் என்பார்கள். அதை நம்பாதீர்கள். அவள் போடவில்லை. நான்தான் போட்டேன்.

முழுதும் கேளுங்கள். அரைகுறையாகக் கேட்டுவிட்டுப் போகிறவர்களால்தான் தெருவில் இத்தனை வம்பு.

பூமாவின் அப்பா பாஷ்யம் மாமா கோயிலில் பிரபந்தம் சேவிக்கிறவர். கோஷ்டியில் அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்கும், வெண்கலம். ஆசாரத்தில் நெருப்பு. தன் வீட்டுத் தளிகையைத் தவிர வேறு எங்கேயும் ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டார். மனைவி போன பிறகு பூமாதான் விடிய எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, மடி உடுத்தி, அவருக்கு எல்லாம் பண்ணிவைத்துவிட்டு ரயிலேறிப் பட்டணத்துக் காலேஜுக்குப் போவாள். என்ன படிப்பு என்று அவர் கேட்டதற்குச் செடி கொடிகளைப் பற்றின படிப்பு என்று சொல்லி வைத்திருந்தாள். நிஜத்தில் அது விலங்கியல். பொய்தான், ஆனால் எல்லாப் பெண்களும் ஏதாவது ஒன்று சொல்லித்தானே வெளியே போகிறார்கள். நான்கூடக் கதாகாலட்சேபம் என்று சொல்லிவிட்டு மாட்னி ஷோவுக்குப் போயிருக்கிறேன்.

படித்து முடித்தால் அதே காலேஜில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை போட்டுத் தருவதாக ஓர் அம்மாள் சொல்லியிருந்தாள். அப்பாவோ ஒரு பாடத்தில் தவறினாலும் படிப்பு போதும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கடைசி வருஷப் பிராக்டிகலில் மீனை அறுத்து உள்ளே இருப்பதையெல்லாம் பிரித்துக் காட்ட வேண்டும். முதல் தடவை மீன் முன்னால் நின்றபோது பூமா தட்டிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். எங்கள் இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர் ஒன்றுதான். அதன் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

"நாலு பேருக்கு ஒரு மீன் குடுக்கறா மாமி. நான் கத்தரிக்கோலைக் கையில எடுக்கறதுக்குள்ள பெல் அடிச்சுடறது. எனக்குப் பழக்கமே இல்லையே, எப்படிப் பண்ணுவேன்?"

"அதுக்கு ஏண்டி அழறே? எங்காத்து விறகுக் கொட்டகை சும்மாத்தானே கிடக்கு. அங்க வந்து பழகிக்கோ. மீனுக்கு நான் ஏற்பாடு பண்றேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. இதில் ஏதாவது தப்பு இருக்கிறதா? அடுத்த வீட்டுப் பெண் முன்னுக்கு வர வேண்டும் என்று நினைத்தேன்.

ஸ்டேஷன் ரோட்டில் மீன் விற்கிற பூவம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். வீட்டுப் பூனைக்கு ஜிலேபிக் கெண்டை வேண்டும், உயிரோடு வேண்டும் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா மாமி, பூனைக்கு உசுரோட வோணுமா? எந்த ஊர்ல பூனை உசுரு பாத்துத் துன்னுது?"

"எங்காத்துப் பூனை அப்படித்தான்."

"ரொம்பப் படிச்ச பூனை போலக்கீது," என்றாள். ஆனாலும் மூடி போட்ட தூக்கில் தண்ணீர் விட்டு, மேலே வாழைப்பழச் சீப்பை வைத்து மறைத்துக்கொண்டு கொல்லை வழியாகத் தவறாமல் கொண்டுவந்து கொடுத்தாள். கெட்டிக்காரி.

பிஸ்கட் டின் மூடியில் மெழுகை உருக்கி ஊற்றிப் பூமா ஒரு தட்டு செய்துகொண்டாள். மீனை அதில் கிடத்திக் குண்டூசியால் துடுப்புகளைக் குத்தி நிறுத்துவாள். நான் முக்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். முதல் சில நாட்கள் மூக்கில் முந்தானையைச் சுற்றிக்கொண்டிருந்தேன், பிறகு அதெல்லாம் தேவைப்படவில்லை. மயக்க மருந்து எதுவும் கிடையாது. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் ஏதோ சேவித்துவிட்டு, வயிற்றுக் கீழிருந்து செவுள் வரை கத்தரிக்கோலால் ஒரே ஓட்டமாகத் திறப்பாள். பக்கத் தோலை அப்படியே எடுத்துவிட்டால் பெட்டிக்கு மூடி திறந்தாற்போல எல்லாம் தெரியும். மேலே வெள்ளையாகக் காற்றுப்பை. கீழே ஜிலேபி பிழிந்தாற்போலச் சுற்றிச் சுற்றிக் குடல். கல்லீரலுக்கு அடியில் பச்சையாக, சுண்டைக்காய் அளவில், பித்தப்பை.

"இதுதான் மாமி ரொம்ப ஜாக்கிரதையாப் பார்க்கணும். இது மட்டும் உடைஞ்சா உள்ளே எல்லாம் பச்சையாயிடும். ஒண்ணுமே தெரியாது, மார்க்கும் போயிடும்."

"எப்படி உடையாம எடுக்கறது?"

"சாமண இடுக்கியால பிடிக்கக் கூடாது. பக்கத்துச் சவ்வோட சேர்த்துத் தள்ளிக் கழட்டணும். இங்க பாருங்கோ."

பார்த்தேன். இரண்டாவது வாரத்தில் நானே செய்தேன். என் கை நடுங்கவில்லை என்று பூமா ஆச்சரியப்பட்டாள். செவுளுக்குக் கீழே ஒரு சின்ன அறை, அதைத் திறந்தால் இதயம் இருக்கும். எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பரப்பிவைத்த பிறகும் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். பூமா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் அது நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன். சினிமாவில்கூட எனக்கு அப்படிப் பொழுது போனதில்லை.

முடித்ததும் அவள் எங்கள் கிணற்றடியிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரப்புடவையோடு சுவரைத் தாண்டிப் போய் அப்பாவுக்குச் சாதம் வடிப்பாள். சுத்தத்தில் குறை சொல்ல முடியாது.

நீங்கள் கேட்கலாம், இவ்வளவு ஒத்தாசை செய்தவள் பிறகு ஏன் போய் அவரிடம் சொன்னாய் என்று. அதற்கு ஒரு பழைய விஷயம் சொல்ல வேண்டும். நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதிதில் அரிசியும் பாலும் வெல்லமுமாக அக்காரவடிசில் பண்ணினேன். நெய் முழங்கை வரை வழிகிறாற்போல. ஒரு பாத்திரம் நிறைய பாஷ்யம் மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "ரொம்ப சந்தோஷம் அம்மா" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் திரும்பி வந்து கொல்லைச் சுவரோரம் நின்றேன், சும்மாத்தான். அவர் நேரே மாட்டுக்கொட்டிலுக்குப் போனார். அத்தனையையும் பசுவின் தொட்டியில் கொட்டினார்.

பசு நக்கிச் சாப்பிட்டது. பசுவுக்கு ஒன்றும் குறை தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் ராமஸ்வாமி அம்பத்தூரில் ஃபேக்டரி கேன்டீனில் சாப்பிடுகிறவர். அதனால் எங்கள் வீட்டுச் சாதம் மாட்டுக்குத்தான் ஆகும் என்று மாமா நினைத்துவிட்டார் என்று புரிந்துகொண்டேன். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வருஷக்கணக்கில் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தினமும் நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஆகவே ஒரு நாள் அவர் கோயிலிலிருந்து வரும்போது வாசலில் வைத்துச் சொன்னேன். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"மாமா, பூமா காலேஜ்ல மீன் அறுக்கறாளாமே. படிப்புன்னா அதுவும் இருக்கத்தான் செய்யும். நன்னா அலம்பிண்டுதான் தளிகை பண்றா, அதுல நான் குறை சொல்ல மாட்டேன்."

கையிலிருந்த தீர்த்தச் சொம்பை அவர் படியில் வைத்தார். "எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் மாமா."

விறகுக் கொட்டகையைப் பற்றி நான் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லுகிற வழக்கம் எனக்கு இல்லை.

அன்று சாயங்காலம் பூமா வந்ததும் அவர் கத்துவார் என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் இல்லை. "இனிமே நீ தளிகை உள்ளுக்குள்ள வர வேண்டாம். பரீட்சை எழுதறதானா எழுதிக்கோ. எனக்குப் பசி இல்லை." அவ்வளவுதான். பாலும் வாழைப்பழமுமாக இருந்தார். ஆள் இளைத்து, கோஷ்டியில் ஒரு நாள் பாசுரம் பாதியில் நின்றுவிட்டது. பக்கத்திலிருந்தவர்கள் பிடித்து உட்காரவைத்தார்கள்.

பூமா சுவரோரம் வந்து நின்றாள். "பூவம்மாதான் எங்கேயாவது உளறியிருப்பா மாமி." நான் மறுக்கவில்லை. உங்கள் பேரை எக்காரணம் கொண்டும் அப்பாவிடம் சொல்ல மாட்டேன், உங்கள் வீட்டுக் கதவாவது அவருக்குத் திறந்திருக்கட்டும் என்றாள். அப்படிப்பட்ட பெண். பிறகு நானே போய் மாமாவிடம் சொன்னேன், என் மடித் தளிகையை ஏற்றுக்கொள்ளலாமே என்று. ஆபத்துக் காலத்தில் சாஸ்திரம் இடம் கொடுக்கிறது என்றார். அதாவது என் சமையல் அவருக்கு ஆபத்து. சரி என்று கேட்டுக்கொண்டேன். பூமா கொல்லையில் என் காலில் விழுந்தாள். "எங்கப்பா உயிரைக் காப்பாத்தினேள் மாமி."

பிராக்டிகலுக்கு இன்னும் நாள் இருந்தது. அவள் கொட்டகையில் பழகிக்கொண்டுதான் இருந்தாள். பழகி முடித்த மீனை முன்பெல்லாம் எருக்குழியில் புதைப்போம். வீணாகிறதே என்று தோன்றியது.

முதல் நாள் மீனை வேகவைத்த தண்ணீர் மட்டும்தான், அவருக்கு வைத்த சாத்தமுது ரசத்தில் இரண்டு கரண்டி. பெருங்காயமும் மிளகும் சற்றுத் தூக்கலாகப் போட்டேன். மாமா பொடி போடுகிறவர், அந்த மூக்குக்குக் கற்பூரமும் ஒன்றுதான், கருவாடும் ஒன்றுதான். பித்தப்பையை உடையாமல் கழற்றிவிடுவேன், அதனால் கசப்பு வராது. படிப்பு யாருக்கு எங்கே உதவும் என்று சொல்ல முடியாது பாருங்கள். நான் ஆசாரத்தை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அதற்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனி அடுப்பு. செய்து முடித்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டு எங்களுக்கு வேறாகத் தளிகை பண்ணுவேன். ஒரு சொட்டு நான் நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. நாங்களும் வைஷ்ணவர்கள்தானே.

பாஷ்யம் மாமா எதையும் முதலில் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிவிட்டுத்தான் சாப்பிடுவார். திரை போட்டு, மணி அடித்து, துளசி சாற்றி. இதையும் அப்படித்தான் செய்தார். பெருமாள் ஒன்றும் சொல்லவில்லை.

அவருக்கு உடம்பு தேறியது. கன்னம் நிரம்பியது. வெண்கலக் குரல் திரும்பி வந்தது. ஒரு நாள் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "கோதை, உன் சாத்தமுதுல ஒரு ருசி இருக்கும்மா. எங்காத்துல அது வந்ததே இல்லை," என்றார். அன்றைக்கு நான் ராத்திரி சாப்பிடாமலே படுத்தேன், வயிறு அத்தனை நிறைந்திருந்தது.

அப்புறம் வடிகட்டுவதில் கொஞ்சம் அசிரத்தை வந்துவிட்டது. யாருக்கும் வருவதுதான். பருப்பைக் கரைத்து ஊற்றியதில் ஒரு முள் கண்ணில் படாமல் போய்விட்டது. மாமா சாப்பிடும்போது பல்லில் ஏதோ தட்டுப்பட, எடுத்து இலையோரம் வைத்தார். அவர் ஜன்மத்தில் மீன்முள்ளைப் பார்த்ததில்லை. தையல் இலையில் சாப்பிடுகிறவர், இலையைத் தைத்த ஈர்க்கு ஒடிந்து விழுந்திருக்கிறது என்று நினைத்தார். எச்சில் இலையை எடுக்கப் பூமா வந்தபோது, "இலை தைக்கறவாகிட்டச் சொல்லு, ஈர்க்கைப் பார்த்து ஒடிக்கணும். தொண்டையில குத்தியிருக்கும்," என்றார்.

இந்தத் தெருவிலேயே அதைப் பார்த்து இன்னதென்று சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான்.

உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொல்லைச் சுவரண்டை வந்தாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"இது ஈர்க்கு இல்லை மாமி. விலா."

"நன்னாப் படிச்சிருக்கே."

"எத்தனை நாளா?"

அப்பாவும் பெண்ணும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், பாருங்கள். "போய் உங்கப்பாகிட்டச் சொல்லேன். எந்த மீன், எங்க அறுத்தது, யார் அறுத்தான்னு எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லு," என்றேன். அவள் முள்ளை முந்தானையில் முடிந்துகொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

"நான் காலேஜை விட்டுடறேன் மாமி. பிராக்டிகலுக்குப் போகலை. பிராயச்சித்தம் பண்ணிண்டா அப்பா என் கையால சாப்பிடுவார். நீங்க அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாம இருந்தாப் போறும். அவருக்குத் தெரிஞ்சா உயிரோட இருக்க மாட்டார்."

சரி என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

பூமா பஞ்சகவ்யம் சாப்பிட்டு, ஹோமம் வளர்த்து, சுத்தியானாள். பிராக்டிகல் அன்று காலையில் அவர்கள் வீட்டுச் சமையலறையில் புகை தெரிந்தது. காலேஜ் ரயில் ஊதிவிட்டுப் போனது இங்கே வரைக்கும் கேட்டது. டெமான்ஸ்ட்ரேட்டர் வேலைக்கு வேறு யாரோ வந்திருப்பார்கள். கத்தரிக்கோல், சாமணம், மெழுகுத் தட்டு எல்லாவற்றையும் என்னிடமே விட்டுவிட்டாள். அதோடு முடிந்திருக்கும். சத்தியமாக நான் விட்டுவிட்டிருப்பேன்.

ஆனால் என் சாத்தமுதுப் பாத்திரம் திரும்பி வந்தது. புளி போட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்து, வாசலிலேயே கவிழ்த்து வைத்திருந்தது. புரோகிதர் போகிற போக்கில் ஒரு சங்கதியும் சொன்னார். பாஷ்யம் மாமாவும் பஞ்சகவ்யம் எடுத்துக்கொண்டாராம். எதற்கென்றால், இத்தனை நாள் அயல் வீட்டில் சாப்பிட்ட தோஷத்துக்கு. மீனுக்கு அல்ல, அது அவருக்குத் தெரியாதே. எனக்கு. என் கைச் சாதத்துக்கு.

உங்களுக்கு அப்படி ஒருவர் செய்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்களோ, எனக்குத் தெரியாது. நான் புடவையை மாற்றிக்கொண்டு, அவர் பெருமாள் திருவாராதனம் முடிக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். பூமா கிணற்றடியில் இருந்தாள். வரிசையாகச் சொன்னேன். எந்த மீன், எப்படித் திறப்பது, எது எங்கே இருக்கும், எதை எடுத்துவிட வேண்டும், எதைச் சாத்தமுதில் விட்டேன், பெருமாள் எத்தனை வேளை அமுது செய்தார். அவர் ருசி என்று சொன்ன நாளையும் ஞாபகப்படுத்தினேன். கடைசியாக, அக்காரவடிசிலைப் பசுவுக்குப் போட்டீர்களே, அதற்கு இது என்றும் சொன்னேன். காரணம் சொல்லாமல் ஒருவரைத் தண்டிக்கக் கூடாது.

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. நினைவில் தேடுகிறவர் மாதிரி இருந்தது.

"அன்னிக்கு ஏகாதசிம்மா," என்றார். "புதுசா வந்த பொண்ணு, சாதம் வடிச்சுட்டா. நாலு பேருக்குத் தெரிஞ்சா உனக்குக் குறைவாப் போயிடுமேன்னு வாங்கிண்டேன்."

இருக்கலாம். யோசித்துப் பார்த்தால் அன்றைக்குத் தெருவில் வேறு எந்த வீட்டிலும் சாதம் வடித்த மணமே இல்லை. எங்கள் பிறந்தகத்தில் அவ்வளவு பார்க்க மாட்டார்கள், எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதை அவர் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டாமா? மனதில் வைத்துக்கொண்டே இருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? அவர் செய்த பிழை அது.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் பேசவில்லை. பெருமாள் இருக்கிற கோவிலாழ்வார்ப் பெட்டியைச் சாத்தினார், திறக்கவில்லை. ஒரு பாயை விரித்து வடக்கே பார்த்துப் படுத்தார். பூமா கரண்டியில் கஞ்சியை வைத்துக்கொண்டு, "அப்பா, நான் என்ன பண்ணினேன், சொல்லுங்கோ" என்று மன்றாடியது இங்கே கேட்கும். பல்லைக் கடித்துக்கொண்டே கிடந்தார். நான் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கடைசி நாட்களில் மார்பு மட்டும் லேசாகத் தூக்கித் தூக்கிப் போட்டது. பூமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது நிற்கிற வரைக்கும் நான் உட்கார்ந்திருந்தேன். யாராவது ஒருவர் இருக்க வேண்டுமே.

இவ்வளவுதான் நடந்தது. பெண்ணின் மேல் ஒரு குற்றமும் இல்லை. மீன் அறுத்தாள், அது படிப்புக்கு. அப்பாவிடம் பொய் சொன்னாள், அதுவும் படிப்புக்கு. முள்ளைப் பார்த்த பிறகும் வாயை மூடிக்கொண்டாள், அது பாசத்துக்கு. இந்த மூன்றையும் விட்டால் அவளைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல முடியாது.

என்ன, எழுந்துவிட்டீர்கள்? அவள் வீடு இந்தப் பக்கம். பஸ் ஸ்டாண்டுக்கா? சரி, வெயில் ஏறுவதற்குள் போவதும் நல்லதுதான்.

உங்களுக்கு முன்னால் வந்த குடும்பங்களும் இப்படித்தான், வாசல் வரைக்கும் வந்துவிட்டு அவள் வீட்டுப் பக்கம் திரும்பாமலே போய்விட்டார்கள். அவர்களிடமும் நான் ஒன்றைக்கூட மறைக்கவில்லை, பழியை என் தலையில்தான் போட்டுக்கொண்டேன். அப்படி அவளுக்காக இத்தனை பேரிடம் பரிந்து பேசியிருக்கிறேன், அந்தப் பெண்ணோ என் செருப்புச் சத்தம் கேட்டாலே கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள்.